பொருள் வாங்குமுன் பிறர் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, தரகர் சொல்லை மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விற்பவருக்கு வேண்டியவர் அருகில் நின்று புகழ்ந்தால், அப்புகழ்ச்சியைப் பொருட்படுத்துவதில்லை. இந்த விவேகம் நமக்குப் பரம்பரையாக வந்த செல்வமாகும்.

ஆனால் இன்று விதை, தெளிப்பான், நீர் இறைக்கும் மோட்டார் ஆகியவற்றைக் கைப்பேசி வழியாகவும் வாங்குகிறோம். அங்கே பொருளின் படத்திற்குக் கீழே, முன்பு வாங்கியவர்களின் அபிப்பிராயங்களும் நட்சத்திரக் குறிகளும் காணப்படுகின்றன. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அவை யாவும் பொய் என்று கூறுவது நியாயமன்று. ஆயினும், ஆள் வைத்து எழுதுவிப்பதும், பரிசு கொடுத்துப் புகழ்ச்சி பெறுவதும் பல நாடுகளில் நடைபெறுகின்றன. ஆகவேதான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தர விதியை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான மனிதர்தானா என்று சரிபார்க்க வேண்டும், விலைக்கு எழுதப்பட்டதை வெளியிடலாகாது என்று அது கூறுகிறது. எனினும், வெளியிடப்பட்டபோது அது கட்டாயமாக்கப்படவில்லை. அமெரிக்க நாட்டிலும் பொய்யான அபிப்பிராயங்களை விற்பதையும் வாங்குவதையும் தடுக்க 2024 இல் விதி இயற்றப்பட்டது.

உண்மையாக எழுதப்பட்ட அபிப்பிராயத்திற்கும் ஓர் எல்லை உண்டு. விதைப் பொட்டலம் வந்த அன்றே ஒருவர் ஐந்து நட்சத்திரம் அளிக்கிறார். பொட்டலம் கிழியாமல் வந்ததற்கு அவர் சாட்சி. விளைச்சலுக்கு அவர் சாட்சியல்லர். அறுவடை முடிந்த பின்னரே அதனை அவர் அறிவார். அதுபோலவே, இருபது அடிக் கிணற்றில் நன்றாக இறைக்கும் மோட்டார், நூறு அடி ஆழத்திலிருந்து இறைக்குமென்பதற்கு உறுதியில்லை. எனவே எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எழுதியவர் இப்பொருளை எவ்வளவு காலம் உபயோகித்தார்? அவருடைய மண்ணும் நீரும் நம்முடையதைப் போன்றவையா? புகழ்வதால் அவருக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா?

இதற்கு மேல் நாமே செய்ய வேண்டிய சோதனையும் உண்டு. சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டை கட்டப்பட்டிருக்கும். நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் இருத்தல் வேண்டும். நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் உண்மை விளங்கிவிடும். ஆயிரம் பேர் புகழ்ச்சியைவிட அந்த நூறு விதைகளின் சாட்சியமே பெரிது.

இவ்வளவும் செய்த பின்னரும் ஏமாற்றப்பட்டால் மனம் தளர வேண்டாம். குறைபாடுள்ள விதையால் நஷ்டமடைந்த விவசாயி நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2012 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் பெறலாம். ரசீதையும், பையின் அட்டையையும், ஒரு பிடி விதையையும் பத்திரப்படுத்தி வையுங்கள்; வழக்கில் அவையே பேசும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருவிளக்கோ மோட்டாரோ வாங்கும்போது செலவாவது ஊர்ப்பணம். முன்பே அதே பொருளை வாங்கிய பக்கத்துப் பஞ்சாயத்துக்கு நேரில் சென்று, ஓராண்டுக்குப் பின் அது எந்நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊரின் அனுபவத்தையும், குறை நிறை இரண்டையும், ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெயரும் ஊரும் தெரிந்தவர் கூறும் அபிப்பிராயமே நம்பத்தக்கது. அத்தகைய அபிப்பிராயத்தைப் பிறருக்கு அளிப்பது நம் கடமையும் ஆகும்.