பழைய விசைப்படகிற்கு மாற்று யந்திரம் அமைத்தல்
(தூத்துக்குடிக் கடலோரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட பிரசங்கம்)



தூத்துக்குடிக் கரைக்கு யந்திரம் புதிய பொருளன்று. கரையோரம் ஆழமற்றதாதலின், முற்காலத்தில் நீராவிக் கப்பல்கள் பல மைல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளும் பிரயாணிகளும் தோணிகளிலும் லாஞ்சுகளிலுமே போய்வர வேண்டியிருந்தது. 1906ஆம் வருஷத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோதும் நிலைமை இதுவே. மீன்பிடிக்கும் வள்ளங்களோ வெகுகாலம் பாயையும் துடுப்பையுமே நம்பியிருந்தன. 1952இல் இந்திய-நார்வே ஒப்பந்தம் ஏற்பட்டுக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலை தொடங்கிய காலத்தை ஒட்டியே தென்னாட்டு மீன்பிடி படகுகளில் டீசல் யந்திரம் பரவலாயிற்று. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. பின்னர் அக்குடும்பங்களுக்கு மீனும் சங்குமே கதியாயின.

மரப்படகைக் காலாகாலத்தில் கலப்பத்துப் பார்த்து எண்ணெய் பூசி வந்தால், அதன் யந்திரத்தைக் காட்டிலும் அது நெடுநாள் உழைக்கும். ஆகவே படகு நன்றாயிருக்க யந்திரம் மாத்திரம் தேய்ந்துபோவது ஒவ்வொரு படகுக்காரனுக்கும் ஒரு நாள் நேர்வதே. புதிய கப்பல் யந்திரம் வாங்க வகையில்லாதவர், லாரியில் ஓடிய டீசல் யந்திரம் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்துப் படகில் ஏற்றுகின்றனர். இதைக் குற்றம் என்று தள்ளவேண்டியதில்லை. ஆனால் லாரி யந்திரத்தை உள்ளபடியே படகில் இறக்கி வைப்பதும், அதைப் படகிற்கென்று மாற்றி அமைப்பதும் ஒன்றாகா.

முதலாவது, தண்ணீர். லாரியில் ரேடியேட்டர் வழியே காற்று யந்திரத்தைக் குளிர்விக்கிறது. படகின் அடித்தட்டில் அத்தகைய காற்றில்லை. சுற்றிலும் கடல் இருக்கிறதே என்று உப்புநீரை நேரே சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் விடுவோர் உண்டு. உப்புநீர் சுமார் 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால், பானையின் அடியில் காரை பிடிப்பதுபோல உள்ளே படியத் தொடங்கும், வார்ப்பிரும்பையும் அரித்துவிடும். யந்திரத்தைக் குளிரவே வைத்து ஓட்டினாலோ எண்ணெய் முழுதும் எரியாமல் நஷ்டமாகும். சரியான முறை யாதெனில், யந்திரத்திற்குள் நன்னீர் மாத்திரமே சுழல வேண்டும். அந்நன்னீரின் சூட்டை ஒரு குழாய்ப் பெட்டியில் கடல்நீர் எடுத்துச் செல்ல வேண்டும். கடல்நீருக்கெனத் தனிப் பம்ப் அவசியம். பெட்டியினுள் ஒரு துத்தநாகக் கட்டையும் இருக்க வேண்டும். அது தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காக்கும். கரைந்தவுடன் மாற்றவேண்டிய இக்கட்டைக்குச் சில ரூபாய் செலவழிக்க மனமில்லாமல் பெட்டியையே இழப்பது என்ன சிக்கனமோ தெரியவில்லை. பெட்டி வாங்க இயலாதவர், படகின் அடிமரத்தை ஒட்டி வெளிப்புறமாகக் குழாய் அமைத்து, அதன் வழியே நன்னீரைச் சுழலவிடலாம்.

புகைபோக்கியின் சூடும் மரத்திற்குப் பகை. அதை நீரால் குளிர்வித்தோ, சூடு தாங்கும் பொருளால் சுற்றியோ வைக்க வேண்டும். அலை திரும்பி உள்ளே ஏறாதபடி குழாயை முதலில் உயர்த்திப் பிறகே தாழ்த்த வேண்டும்.

லாரியின் கியர் பெட்டியையே வைத்துக்கொள்வது சிலர் செய்யும் மற்றொரு சிக்கனம். புரொப்பெல்லர் நீரைப் பின்னே தள்ளும்போது படகை முன்னே தள்ளும் விசை முழுவதும் ஷாப்டின் வழியாக வருகிறது. அதைத் தாங்கும் பேரிங் லாரிப் பெட்டியில் இல்லை. அதிலுள்ள பின்னோக்கும் பல்லும் நெடுநேர உழைப்புக்கென்று செய்யப்பட்டதன்று. கப்பலுக்குரிய கியர் பெட்டியே யந்திரத்தின் வேகத்தைப் பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறைத்துப் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும். இழுவலைக்கு வேண்டியதும் அதுவே.

லாரி மேடேறும் நேரத்தில் மாத்திரமே முழுச் சக்தியையும் கேட்கும். படகோ மணிக்கணக்காக ஒரே பாரத்தை இழுக்கும். ஆகையால் லாரிக்குச் சொல்லப்பட்ட குதிரைச் சக்தியை அப்படியே படகிலும் எதிர்பார்க்கலாகாது. குறைத்தே கணக்கிட வேண்டும். புரொப்பெல்லர் அலைக்கு மேல் எழும்போது யந்திரம் வெறிகொண்டு ஓடாமலிருக்க, எல்லா வேகத்திலும் அடக்கும் கவர்னரும் தேவை. கரும்புகை விட்டு, உரிய வேகத்தை எட்டாமல் யந்திரம் திணறினால், புரொப்பெல்லர் பெரிதென்று அறிக.

இவ்வளவும் சரியாயிருந்தும் ஷாப்டு நேராக இல்லாவிடில் பயனில்லை. இரு இணைப்புத் தட்டுகளுக்கும் இடையே பீலர் தகட்டை விட்டுச் சுற்றிலும் அளக்க வேண்டும். தட்டின் குறுக்களவு ஓர் அங்குலத்திற்கு ஆயிரத்தில் ஓர் அங்குல வித்தியாசத்திற்கு மேல் இருக்கலாகாது. 4 அங்குலத் தட்டானால் ஆயிரத்தில் 4 அங்குலம். இக்கடைசி அளவைக் கரையில் எடுப்பது வீண். படகு நீரில் இறங்கி இரண்டொரு நாள் மிதந்த பின்பே மரம் தன் வடிவை அடைகிறது. ஓடாவியும் மெக்கானிக்கும் சேர்ந்து நின்று அப்பொழுது பார்க்க வேண்டும்.

இவ்வேலைக்கு உகந்த காலம், கீழ்க்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி நிறுத்தப்படும் 61 நாட்களே. ஆனால் அந்த 61 நாட்களில்தான் கையில் பணமும் இராது. அச்சமயம் வியாபாரியிடம் முன்பணம் வாங்குபவன், வட்டியைப் பணமாகக் கொடுப்பதில்லை. பிடித்த மீனை அவ்வியாபாரி சொல்லும் விலைக்கே விட்டுவிடுகிறான். இந்நஷ்டம் எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் ஏறுவதில்லை, கடனும் தீருவதில்லை. இராஜதானியில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸனே மீன்துறைக்கும் வித்திட்டவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

சங்கம் இதற்குக் கடன் கொடுக்குமுன், சிலிண்டரின் தேய்மானத்தையும் கிராங்கு ஷாப்டின் அளவையும் ஒரு மெக்கானிக் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்க வேண்டும். கியர் பெட்டி, குளிர்விக்கும் பெட்டி, கடல்நீர்ப் பம்ப் ஆகியவற்றின் விலை மனுவில் சேர்ந்திருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது; யந்திரத்திற்கு மாத்திரம் கடன் கேட்பவர் மீதிக்கு வியாபாரியிடமே போவார். தவணையை மீன்பாடு உள்ள மாதங்களில் வைத்துத் தடைக்காலத்தில் தவிர்க்கலாம். யந்திரம் மாற்றியதை 1983ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டப்படி மீன்துறை அலுவலகத்தில் பதிந்துகொள்வதும், சக்தியின் உச்ச வரம்பை முன்னரே விசாரித்தறிவதும் அவசியம். மனுக்களைப் பங்குனி முடியுமுன் செயற்குழுவில் கொடுத்துவிட்டால், தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே பழைய யந்திரத்தைத் தூக்கி வெளியே வைக்கலாம்.