தாசில்தார் சான்றும் தடையில்லாச் சான்றும்



ஒரு வீட்டுக்குள் கல்லூரிப் படிப்பு முதன்முதலாக நுழைந்ததற்குத் தமிழ்நாட்டில் தாசில்தார் அலுவலகமே சாட்சி. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் 2010-இல் வந்த ஏற்பாடு. வீட்டில் இதற்கு முன் பட்டதாரி இல்லை என்று எழுதி வாங்கினால் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை. அக்கா பட்டதாரி ஆகிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அந்த மனத்தாங்கல் சில வீடுகளில் இன்னும் உண்டு. ஆனால் அதே அக்கா முனைவர் பட்டத்துக்குப் போனால், வீட்டின் முதல் முனைவர் என்று எழுதித்தர எந்த அலுவலகமும் இல்லை.

டாக்டர் பட்டத்தை எட்ட ஒரு குடும்பத்துக்கு எத்தனை தலைமுறை ஆகும் என்பதற்கு இந்த ஓசூர் மண்ணில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. தகப்பனார் கிராம முன்சீப். பையனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குக் குடிவந்தது. பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம். மகள் லட்சுமியின் பிள்ளை ராமச்சந்திர காந்தி ஆக்ஸ்போர்டில் தத்துவத்துக்கு டாக்டர் பட்டம் பெற்றார். முன்சீப்பின் கணக்கேட்டிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போக, எழுத்துப் பழகிய குடும்பத்துக்கே நான்கு தலைமுறை ஆனது. இன்று சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் மகள் அந்தத் தூரத்தை ஒரே தலைமுறையில் கடக்கப் பார்க்கிறாள். அவளிடம் போய், "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என்றால் மார்க் ஷீட் வரும், இனிப்பு கொடுக்கலாம். ஆய்வுப் படிப்பில் அப்படி எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. பதிவு, கோர்ஸ் ஒர்க், ஆய்வுக் குழுவின் முன் அறிக்கை, சினாப்சிஸ், ஆய்வேடு, வைவா என்று படிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருடங்கள் ஓடுகின்றன. கைடு திருத்தித் தந்த அத்தியாயத்தைத் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஓசூர் வீட்டில் பாட்டிக்கு எந்த மொழியில் விளக்கினாலும் பாட்டியின் அடுத்த கேள்வி கல்யாணத்தைப் பற்றித்தான்.

அந்தக் கேள்வியில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆய்வுக்கான வயதும் கல்யாணம், பிள்ளைப்பேற்றுக்கான வயதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் வந்த அதன் விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சேர்த்து மொத்தம் 10 வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. நல்ல விதி. ஆனால் குழந்தை வளர்ப்பு விடுப்பைப் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆய்வு செய்யும் அப்பாவுக்குக் குழந்தை இருப்பதாக அந்தத் தாளுக்குத் தெரியவில்லை.

வைவாவைப் பொது அரங்கில்தான் நடத்துகிறார்கள். பெற்றோர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் பேசுவதில் ஒரு வரிகூடப் புரியாமல், பொன்னாடை போர்த்தும்போது மட்டும் எழுந்து நிற்கிறார்கள். மாமியார் பேரனைப் பார்த்துக்கொண்ட மதியங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியாக முடிந்துவிடுகின்றன.

இனி ஊர் விஷயம். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை உலகுக்கு அனுப்பிய ஊர் இது. டைட்டன் கடிகாரமும் இங்கிருந்துதான் கிளம்பியது. இப்படி இயந்திரம் தெரிந்த கைகள் நிறைந்த ஊரில், கலை, அறிவியல் ஆய்வுக்குப் பெரியார் பல்கலைக்கழகம் என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல் சேலம் போக வேண்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வழி இருக்கிறது. எத்தனை ஷாப் ஃப்ளோர்களில் இதைச் சொல்லியிருப்பார்கள்?

மானியக் குழு விதி பகுதிநேர ஆய்வையும் அனுமதிக்கிறது. அதற்கு நிறுவனம் தடையில்லாச் சான்று தர வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் எழுத வேண்டும். கையெழுத்துப் போடும்போது சிரமம் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போதுதான் அந்த விடுவிப்பு மறந்துபோகிறது. முன்வரிசையில் மனிதவள மேலாளர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். உங்கள் ஆலையில் எத்தனை பேர் பகுதிநேர ஆய்வில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஷிஃப்ட் அட்டவணை ஒட்டுவதற்கு முன்னால் அவர்களின் தேர்வுத் தேதியைக் கேளுங்கள். ஆண்களிடம் கேட்கும்போது வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.