புகையோடு கவலையும் சேர்ந்தால்

ஒரே தெரு, ஒரே வண்டிப்புகை. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வருவதில்லை. ஏன்?

அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாவில் இதை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். ஆஸ்துமா இல்லாத சின்னப் பிள்ளைகளைச் சில வருடம் கவனித்தார்கள். பெற்றோர் ஓயாத மன உளைச்சலில் இருந்த வீடுகளில், அதே புகை பிள்ளைகளை அதிகமாகத் தாக்கியது. இதில் ஒரு வேடிக்கை. பெற்றோரின் கவலை மட்டும் தனியாக ஆஸ்துமாவைக் கொண்டுவரவில்லை. புகையோடு சேர்ந்தபோதுதான் வேலையைக் காட்டியது.

எப்படி? புகை உள்ளே போனால் மூச்சுக்குழாய் வீங்கும். அதை அடக்க உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு சுரப்பு உண்டு. வீட்டில் நாளும் பதற்றம் என்றால், அது சுரந்துகொண்டே இருக்கும். எந்நேரமும் அதட்டுகிற வாத்தியாரைப் பிள்ளைகள் பொருட்படுத்துவார்களா? அதுபோல உடம்பும் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகிறது என்கிறார்கள். வீக்கம் அடங்குவதில்லை.

இன்னொன்று. பெருஞ்சாலை ஓரத்தில் பெரும்பாலும் குடியிருப்பது யார்? வாடகைக்கே அல்லாடுகிறவர்கள்தானே! புகையும் கவலையும் ஒரே வாசலுக்குத்தான் வருகின்றன.

அதனால், இழுப்புக்குக் காட்டப் போகும்போது டாக்டர் வீட்டு நிலைமையை விசாரித்தால், இவருக்கு எதற்கு இந்தக் கதை என்று நினைக்காதீர்கள். சொல்லுங்கள். வைத்தியத்துக்கு அதுவும் வேண்டும்.