படை நீங்கியதும் பட்டமா?

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கடமையை முடித்து அடுத்த படியிற் கால்வைக்கும் வாலிபன் முன்னே இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று மேற்படிப்பு, மற்றது உத்தியோகம். இவற்றுள் எது முந்த வேண்டும் என்னும் வினா சர்வகலாசாலையிற் படிக்கும் நமக்கும் புதியதன்று. நம்மைப் பெற்றோருக்கும் புதியதன்று. இவ்வினா மிகக் கூர்மையாய் எழுகின்ற ஓரிடத்தைப் பற்றி இன்று பேச எண்ணினோம். அது ஐக்கிய அமெரிக்கா. படைச்சேவையை முடித்து வெளியேறும் அந்நாட்டு இளம் அதிகாரிகள் பலர், உடனேயே எம்.பி.ஏ. எனப்படும் வர்த்தக நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கச் செல்வதா, அன்றிச் சிலகாலம் தொழில் பார்த்தபின் செல்வதா என்று தடுமாறுகின்றனர். பிறர் வீட்டு வழக்கைக் கேட்கும்போது நம் வீட்டு வழக்கும் விளங்குவதுண்டு அல்லவா?

முதலிற் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். எம்.பி.ஏ. படிப்பு 1908ஆம் ஆண்டில் ஹாவார்ட் சர்வகலாசாலையில் ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944 யூன் 22ஆந் திகதி, சனாதிபதி ரூஸ்வெல்ற் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். படையிலிருந்து மீளும் வீரர் அரசாங்கச் செலவிற் படிக்க அச்சட்டம் வழிசெய்தது. ஏறக்குறைய 22 இலட்சம் வீரர் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் சேர்ந்தனர். 1949இல் ஹாவார்ட் வர்த்தகக் கலாசாலையினின்று வெளியேறிய வகுப்பிற் பெரும்பான்மையோர் முன்னாட் படைவீரர். அவர்களுள் அநேகர் பெரிய கம்பனிகளின் தலைவராயினர். படை நீங்கியதும் பட்டம் என்னும் வழக்கம் இவ்வாறு பெருமை பெற்றது.

இன்று நடைமுறையிலுள்ள உதவிச் சட்டம் 2008இல் நிறைவேறி, 2009 ஓகஸ்ட் முதலாந் திகதி அமுலுக்கு வந்தது. முழுத் தகுதி பெற்றவருக்கு 36 மாதப் படிப்புச் செலவும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. அரசினர் சர்வகலாசாலையாயின் அந்த மாநிலத்தவர் செலுத்தும் கட்டணம் முழுவதும் அடங்கும். தனியார் கலாசாலையாயின் ஆண்டுக்கு ஒரு வரையறை உண்டு. மிஞ்சுவதைக் கலாசாலையும் அரசாங்கமும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு.

இவ்வளவு வசதியிருக்க, உடனே போய்ப் படிப்பதில் என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். உடனே போவதற்குத் தக்க நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை மறைப்பது முறையன்று. படையிலே முப்பது நாற்பது பேரை நடத்தியவனுக்குத் தலைமை தெரியும். கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல் என்பன தெரியா. அவற்றை ஒழுங்காகக் கற்பிக்கும் இடம் வர்த்தகக் கலாசாலை. கம்பனிகள் ஆட்சேர்க்க நேரே அங்கு வருகின்றன. ஈராண்டுப் படிப்பின் நடுவே வரும் கோடை விடுமுறையில் ஒரு புதிய தொழிலிற் பயின்று பார்க்கவும் முடியும். படைச்சேவையையே தொழில் அனுபவமாகக் கலாசாலைகள் கொள்கின்றன. பிந்தினாலோ, கலியாணமும் பிள்ளைகளும் சம்பளமும் காலைக் கட்டிக்கொள்ளும்.

மறுபக்கத்தையும் காண்போம். உதவிப் பணம் எல்லார்க்கும் ஒரே விதமாய்க் கிடைப்பதில்லை. வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் அரசாங்கச் செலவிற் படித்தவர், அதற்குக் கைம்மாறாக ஐந்தாண்டு சேவை புரிய வேண்டும். அவ்வைந்தாண்டும் இந்த உதவிக்குரிய கணக்கிற் சேராது. அதை முடித்தவுடன் வெளியேறுபவர், உதவியுண்டென்று நம்பி அனுமதி பெற்றபின் திகைக்க நேரும். மேலும், கட்டணம் இனாமாயினும் காலம் இனாமன்று. ஈராண்டுச் சம்பளத்தை இழந்தே அப்பட்டத்தைப் பெறவேண்டும்.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதைச் சொல்லவே இங்கு வந்தோம். படையில் ஒருவனுக்கு உடையுண்டு, பதவியுண்டு, விடிந்தால் செய்யவேண்டியது இன்னதென்ற கட்டளையுண்டு. வெளியே வந்த மறுநாள் இம்மூன்றும் இல்லை. 'நீ யார்?' என்று உலகம் கேட்கிறது, அவனிடம் விடையில்லை. அந்த வேளையிற் கலாசாலையின் அனுமதிக் கடிதம் ஓர் அடைக்கலம்போல் வருகிறது. மறுபடியும் ஒரு பெயர், ஒரு நேரசூசி, ஒரு கூட்டம்! 'நான் மாணவன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஈராண்டு கழிந்ததும் அதே கேள்வி வாசலில் நிற்கும். தீர்மானிக்க அஞ்சிப் படிக்கச் சென்றவன் தீர்மானத்தை ஒத்திவைத்தவனேயன்றி, அதைச் செய்தவனல்லன்.

மூவர் சென்ற வழிகளைச் சற்றே ஒப்பிடுவோம். ரொபேட் மக்டொனால்ட் 1975இல் வெஸ்ட் பொயின்றிலிருந்து வெளியேறி, படையிலிருக்கும்போதே 1978இல் யூட்டா சர்வகலாசாலையில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார். 1980இல் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியிற் சேர்ந்து, 2009இல் அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். அலெக்ஸ் கோர்ஸ்கி ஆறாண்டு இராணுவத்திலிருந்து விலகி, 1988இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சனைச் சேர்ந்த கம்பனியொன்றில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகத் தொடங்கினார். வைத்தியர்களின் கதவைத் தட்டி வியாபாரத்தை அடியிலிருந்து அறிந்தபின், 1996இல் வார்ட்டன் கலாசாலையிற் பட்டம் பெற்றார். 2012இல் அப்பெருங் கம்பனிக்கே தலைவரானார். பிரெட் ஸ்மித் வியட்நாம் யுத்தத்திற் கடற்படைக் காலாளாகப் போரிட்டு 1969இல் வெளியேறியவர். எம்.பி.ஏ. படிக்கவேயில்லை. 1971இல் பெடரல் எக்ஸ்பிரஸை நிறுவினார். 1973 ஏப்ரிலில் 14 விமானங்களுடன் சேவை தொடங்கிய முதலிரவு அவை சுமந்தவை 186 பொதிகளே.

ஒருவர் முந்திப் படித்தார், ஒருவர் பிந்திப் படித்தார், ஒருவர் படிக்கவேயில்லை. மூவரும் உயர்ந்தனர். ஆகவே, பட்டம் பெறும் காலமே மனிதனின் உயர்வைத் தீர்மானிக்கிறது என்று கொள்ள இடமில்லை. இவர்கள் கோடியில் ஒருவர் என்பதும் மெய்யே. எனினும் எந்த ஒரு வழியும் மற்றவற்றை அடைத்துவிடவில்லை என்பதற்கு இவர்கள் போதிய சாட்சி.

அப்படியாயின் தீர்மானிப்பது எங்ஙனம்? நாம் காணும் உரைகல் எளியது. 'இன்ன தொழிலுக்குப் போக விரும்புகிறேன். அதன் வாசலை இப்பட்டமே திறக்கும்' என்று ஒரே வசனத்தில் ஒருவன் சொல்லக்கூடுமாயின், அவன் தாமதியாது செல்லட்டும். வெளியேறுவதற்கு ஓராண்டு முன்பே பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் ஆயத்தஞ் செய்யட்டும். அந்த வசனம் வாயில் வரவில்லையாயின், முதலிற் தொழிலுக்குப் போகட்டும். சேவையின் இறுதி 180 நாட்களுக்குள் வெளிக் கம்பனியொன்றிற் பயிலும் வாய்ப்பை அமெரிக்கப் படையே சிலருக்கு அளிக்கிறது. அதைக் கேட்டுப் பெறட்டும். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தவனுக்குத் தனக்குத் தெரியாதது எதுவென்று தெரியும். அப்போது கலாசாலை அவனுக்கு விடையளிக்கும். கேள்வியில்லாதவனுக்கு அது எதை அளிக்கும்?

பிந்தினால் உதவி பறிபோகுமே என்ற பயமும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2013 சனவரி முதலாந் திகதியிலோ அதன் பின்னரோ படை நீங்கியவர்க்கு முன்னிருந்த 15 ஆண்டு எல்லையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். கலியாண வீட்டிலோ கோயில் வீதியிலோ எம்மைக் காணுந்தோறும், 'தம்பி, இப்ப என்ன செய்யிறீர்?' என்று அன்போடு கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே நம்மிற் சிலர் மற்றொரு பட்டத்துக்குப் பதிந்துவிடுகிறோம் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். 'இன்னும் யோசிக்கிறேன்' என்ற விடையையும் ஒரு நேர்மையான விடையாக ஏற்றருளுங்கள்.

சகோதரர்களே, உடையைக் கழற்றிய வீரனுக்கும் ஏட்டை மூடிய மாணவனுக்கும் கேள்வி ஒன்றே. பட்டத்தை ஒளிப்பிடமாகக் கொள்ளாது கருவியாகக் கொள்வோம். கருவியைக் கையிலெடுக்குமுன் செய்யப்போகும் வேலை எதுவென்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.