ஓடினவர் வாய் திறந்தால்

நடுவர் அவர்களே! "ஓட்டத்தில் சுகம் ஓடுவதில்தான், ஓடிட்டு வந்து பேசுறது வெட்டிக்கதை"ன்னு எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார். அவர் மதுரைக்காரர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. (சிரிப்பு)

விடியக்காலையில வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வாங்கய்யா. ஓடி முடித்தவர்கள் பருத்திப்பால் டம்ளரோடு நிற்பார்கள். ஓடும்போது பேச மூச்சேது? பேச்செல்லாம் அங்கேதான்.

அரை மாரத்தான் 21 கிலோமீட்டர் சொச்சம். நமக்குப் புரியும்படி சொன்னால், மதுரையிலிருந்து அழகர்கோவில்! ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அந்தச் சாலையில் ஓடிப் பழகினார். ஒருநாள் 17ஆவது கிலோமீட்டரில் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார். மூணு வாரம் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. பருத்திப்பால் கடையில்தான் கொட்டினார்: "பயந்து பயந்து வெறுந்தண்ணியாக் குடிச்சேன்யா. வயிறு குளமாயிருச்சு."

கூட்டத்தில் ஒரு டாக்டர். "நல்லவேளை சொன்னீங்க. அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல உப்பு நீர்த்துப்போகும், வலிப்பே வரலாம். தாகத்துக்குக் குடிங்க, பயத்துக்குக் குடிக்காதீங்க" என்றார். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேருக்கு உப்பு குறைந்திருந்தது, நடுவர் அவர்களே!

உடனே பக்கத்தில் நின்ற பையன், "எனக்கும் போன மாசம் அப்படித்தான் சார். வெட்கப்பட்டுச் சொல்லலை" என்கிறான். அவனை அன்றைக்கே டாக்டர் கையோடு கூட்டிப்போனார். இதுவா வெட்டிக்கதை?

நண்பர் அன்று ராத்திரிதான் மனைவியிடமும் சொன்னாராம். என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்! (பலத்த கைதட்டல்)