கணினி அறைக்கு வெளியே கிடக்கும் செருப்புகள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளிக்கூடத்தில் செயற்கை நுண்ணறிவு' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி எப்படி நடக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் புள்ளிவிவரங்களோடு வந்திருப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கதை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்குக் கணினி வந்தது. பள்ளியிலேயே டைல்ஸ் போட்ட ஒரே அறையை அதற்குக் கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் திரை, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு, வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒரு பலகை. தூசு பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். எங்கள் தெருவிலிருந்து போன பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது. நாங்கள் காலைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். நான்கு கணினிகள், அறுபது பிள்ளைகள். 'யாரும் தொடக் கூடாது, நின்னு பாருங்க' என்பதுதான் கணினி பற்றி நான் கற்ற முதல் பாடம்.

தொட அனுமதி பெற்றவன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தது. 'அவனுக்குத் தெரியும், கெடுக்க மாட்டான்' என்று ஆசிரியர் காரணம் சொன்னார். அதாவது, ஏற்கெனவே தொட்டவனுக்குத்தான் தொடுவதற்குத் தகுதி. பின்னாளில் கல்லூரியில் தகுதி, திறமை என்று பெரிய பெரிய வாதங்களைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு அந்தக் கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எங்களுக்குப் பொரிகடலை கிடைத்தது. விசைப்பலகை கிடைக்கவில்லை.

உள்ளே போய்த் தொட ஒருவருக்கு உரிமை, வெளியே நின்று கும்பிட மற்றவர்களுக்கு அனுமதி. இந்த ஏற்பாட்டை நாம் வேறொரு இடத்திலும் பார்த்திருக்கிறோம், இல்லையா?

இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. 2019-20இல் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் என்றது. 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் இன்னும் கீழே இறங்கி, 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு என்று அறிவித்தது. ரோபோட்டிக்ஸ் கற்பிக்க 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் 2016 முதல் இருக்கின்றன. ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 பட்ஜெட் சொன்னது. தமிழ்நாடு அரசும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 'டிஎன் ஸ்பார்க்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

இனி அதே கல்வி அமைச்சகத்தின் இன்னொரு கணக்கு. 2024-25 யுடைஸ் அறிக்கையின்படி நாட்டில் 64.7 விழுக்காடு பள்ளிகளில்தான் கணினி வசதி உண்டு. இணையம் 63.5 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில் கணினியே இல்லை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25க்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்ததும் இதே ஒன்றிய அரசுதான். ஒரு கையால் ரோபோவைக் காட்டுகிறார்கள், மறு கையால் ஆசிரியர் சம்பளத்தைப் பிடித்துவைக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம் தோழர்கள் பலர் சட்டென்று சொல்வது: 'கழிப்பறையே இல்லாத பள்ளிக்கு ஏ.ஐ. எதுக்கு?' கைதட்டல் வாங்கும் வாக்கியம். நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை.

ஏனென்றால், 'உங்களுக்கு இப்போதைக்கு இது போதும்' என்பது நமக்குப் புதிதாகச் சொல்லப்படும் வாக்கியம் இல்லை. 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றபோதும் நடைமுறைக் காரணங்கள்தான் சொல்லப்பட்டன. பள்ளிக்கூடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். போதாமை உண்மைதான். ஆனால் அந்தப் போதாமைக்கு யாருடைய பிள்ளை விலை கொடுப்பது என்பதுதான் கேள்வி. கழிப்பறையும் வேண்டும், கணினியும் வேண்டும். நாம் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஆக, கற்பிக்கலாமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. கற்பிக்கும் அறையில் யார் கை எதன் மேல் இருக்கிறது என்பதே கேள்வி. என் களப்பணியிலிருந்து இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன்.

முதல் காட்சி, ரோபோட்டிக்ஸ் வகுப்பு. போட்டிக்கு ஒரு திட்டம் செய்ய வேண்டும். பயிற்றுநர் 'ஸ்மார்ட் குப்பைத்தொட்டி' என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சின்ன மோட்டார். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மூடி தானாகத் திறக்கும். பையன்கள் வயரைப் பிடித்திருந்தார்கள், பெண் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், அவள் அம்மா பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: 'அக்கா, மூடி ஒரு பிரச்சினையே இல்லக்கா. எங்கம்மா கையக் கிழிக்கிறது உள்ள கிடக்கிற கண்ணாடியும் ஊசியும்தான். அதக் கண்டுபிடிச்சு சத்தம் போடுற மாதிரி செய்ய முடியுமா?'

குப்பை போடுகிறவர் கை படக் கூடாது என்பதற்கு ஒரு கருவி. குப்பை அள்ளுகிறவர் கை கிழியக் கூடாது என்பதற்கு இன்னொரு கருவி. இரண்டுமே ரோபோட்டிக்ஸ்தான். எது 'பிரச்சினை' என்று எழுதப்படுகிறது என்பதை அந்த அறையில் யார் பேசுகிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. அவள் சொன்னதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். கிட்டில் அதற்கான சென்சார் இல்லை என்றார். போட்டிக்குப் போனது மூடி திறக்கும் தொட்டிதான்.

கருவி வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' ரோபோவைக் கேரள இளம் பொறியாளர்கள் 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கிக் காட்டினார்கள். மனிதரை மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013லிருந்து இருக்கிறது. இயந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சாவு நிற்கவில்லை. ஒப்பந்தக்காரருக்கு இயந்திர வாடகையைவிட ஒரு அருந்ததியரின் உயிர் மலிவாகக் கிடைக்கும்வரை ரோபோ கொட்டகையில்தான் கிடக்கும். இதையும் சேர்த்துச் சொல்லித் தராத ரோபோட்டிக்ஸ் பாடம் பாதிப் பாடம்.

இரண்டாவது காட்சி, ஒன்பதாம் வகுப்பு. 'டீச்சபிள் மெஷின்' என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. சில படங்களைக் கொடுத்து இது இன்னது என்று பழக்கினால், புதுப் படத்தைக் காட்டும்போது அது இன்னது என்று சொல்லும். நான் இரண்டு பெட்டி போட்டேன்: 'அதிகாரி', 'தொழிலாளி'. இணையத்தில் தேடி இரண்டுக்கும் படங்களைப் போடச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து நின்றார்கள். முதல் பெண்ணைத் 'தொழிலாளி' என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவனும் தொழிலாளி. ஐந்தாவது ஆளுக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது.

இயந்திரத்துக்கு அதிகாரி என்றால் யாரென்று தெரியாது. கோட்டு, கண்ணாடி அறை, வெளிச்சம், தோல் நிறம் என்று கொடுத்த படங்களில் திரும்பத் திரும்ப வந்ததைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். முன் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: 'நாம வேற படம் குடுத்தா மாத்திச் சொல்லும்ல?' தலைமையாசிரியை, விஏஓ அக்கா, ஊராட்சித் தலைவர் என்று அவர்களுக்குத் தெரிந்தவர்களின் படங்களைப் போட்டோம். பதில்கள் மாறின. தரவு, சார்பு, மறுபயிற்சி என்று பாடநூல் ஒரு அத்தியாயத்தில் சொல்வதை அவர்கள் ஒரு பீரியடில் செய்து முடித்தார்கள்.

நான் மகிழ்ச்சியாக இருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: 'தொழிலாளின்னா என்னக்கா கொறச்சல்? ஏன் எல்லாரும் மாத்தணும்னே பாக்குறீங்க?'

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு பெட்டிகளுக்கும் பெயர் வைத்தது நான்தான். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி என்று மனதில் வைத்துக்கொண்டே வைத்திருக்கிறேன்.

நாங்கள் செய்தது விளையாட்டு. பெரிய நிறுவனங்களின் மாதிரிகளில் இது விளையாட்டாக நடக்கவில்லை. எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ 2025 அக்டோபரில் ஒரு சோதனையை வெளியிட்டது. அறிவாளி, சாக்கடை சுத்தம் செய்பவர் என்பது போன்ற வாக்கியங்களில் சாதிப் பெயருக்கான இடத்தை நிரப்பச் சொன்னபோது, ஜிபிடி-5 பெரும்பாலான இடங்களில் பார்ப்பனருக்குப் புகழையும் தலித்துக்கு இழிவையும் கொடுத்தது. மனு எழுதியதை யாரும் அதற்கு ஊட்டத் தேவையில்லை. நம் சமூகம் இணையத்தில் எழுதி வைத்திருப்பதைப் படித்தாலே போதும். 'இயந்திரத்துக்குச் சாதி தெரியாது' என்பவர்களிடம் சொல்லுங்கள்: நன்றாகத் தெரியும், நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். செயற்கை நுண்ணறிவிலும் அப்படியொரு படிக்கட்டு கட்டப்படுகிறது. மேல்படியில் மாதிரியை உருவாக்குகிறவர். நடுவில் அதைப் பயன்படுத்துகிறவர். கீழ்ப்படியில் சிறு நகரங்களில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான படங்களில் 'இது மரம், இது மனிதன்' என்று கட்டம் போடுகிறவர். ஜார்க்கண்டில் இந்த வேலைக்குப் போகும் ஆதிவாசிப் பெண்ணைப் பற்றி 'ஹ்யூமன்ஸ் இன் தி லூப்' என்று ஒரு படமே வந்திருக்கிறது, பாருங்கள். மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம் என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது யார் எந்தப் படியில் நிற்பார்கள் என்பது கட்டணத்தையும் மொழியையும் ஆசிரியரையும் வைத்து முன்பே முடிவாகியிருக்கும்.

அப்படியானால் என்ன கேட்பது? வகுப்பு வாரியாகவே சொல்கிறேன்.

மூன்று முதல் ஐந்து வரை கணினியே தேவையில்லை. வரிசைப்படுத்துவது, திரும்பச் செய்வது, ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, இவைதான் அந்த வயதுக்கான கணினிச் சிந்தனை. புள்ளிக் கோலத்தின் இலக்கணத்தைக் கணினியியலாக ஆராய்ந்த கிஃப்ட் சிரோமணி, 1970களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார். கோலம் பாடத்துக்கு வரட்டும். கூடவே பறையும் வரட்டும். ஒரு அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, எட்டாவது சுற்றில் மாற்றுவதைவிட எளிமையாக 'லூப்' என்பதை யாரால் விளக்க முடியும்?

ஆறு முதல் எட்டு வரை ஒவ்வொரு பிள்ளையின் கையும் விசைப்பலகையில் பட வேண்டும், முறை வைத்து, பதிவேட்டோடு. அதுவும் தமிழில். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைத் தன்னார்வலர்கள் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஒன்பது, பத்தில் தரவு: யார் திரட்டியது, யாரை விட்டது, பெட்டிக்கு யார் பெயர் வைத்தது. நம் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அந்தக் குரூப்பின் கதவை மூடாதீர்கள் என்று கேட்போம்.

இதற்கெல்லாம் ஆசிரியர் வேண்டும். கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் பல ஆண்டுகளாக வேலை கேட்டுப் போராடுகிறார்கள். மூன்று மாத ஒப்பந்தப் பயிற்றுநர் வேண்டாம். இடஒதுக்கீட்டோடு நிரந்தரப் பணியிடம் வேண்டும். முடியாத காரியமா? கேரளம் 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' தொடங்கியது. பிறகு பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2025-26இல் பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் ரோபோட்டிக்ஸைப் பாடமாக்கியது. அங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடநூல் தமிழில் கிடைக்கிறது. கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. விருப்பப் பாடம், போட்டி, கிளப் என்று சிலருக்கு ஒதுக்காமல், எல்லோருக்கும் என்று வைத்தார்கள். அதைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்குப் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. கூட்டத்தில் கணினி ஆய்வகப் பதிவேட்டைக் கேளுங்கள். போன மாதம் எத்தனை நாள் பூட்டு திறந்தது, எந்தெந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் தொட்டது என்று பாருங்கள். ரெக்கார்டு எழுதுவது யார், வயரைப் பிடிப்பது யார், கடைசியில் அறையைக் கூட்டுவது யார் என்றும் பாருங்கள்.

நான் ஆய்வுக்குப் போகும் பள்ளிகளில் இன்றும் ஆய்வக வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. தூசு பட்டால் துடைத்துக்கொள்ளலாம் தோழர்களே. பிள்ளைகள் செருப்போடு உள்ளே போகட்டும்.