மயிர் கொட்டுவதும் கழுத்துச் சுரப்பியும்



நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகளுக்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. கண்ணேறு என்றார்கள், தோஷம் என்றார்கள்; தைலக்காரனுக்கும் தாயத்துக்காரனுக்கும் மூன்று வருஷம் பணம் அழுதார்கள். அப்பெண்ணுக்கு ஓயாத அசதியும், குளிர் தாங்காமையும், மலச்சிக்கலும் இருந்ததை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அதற்குச் "சோம்பேறி" என்று பட்டம் கொடுத்ததோடு சரி!

செடி வாடினால் வேரைப் பார்க்கிறவன் குடியானவன். மயிர் முளைப்பது தலையில் என்பதற்காக வியாதியும் தலையில்தான் இருக்கவேண்டுமா?

தொண்டைக்கு முன்புறம் தைராய்டு என்றொரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் நீர் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் இயக்குகிறது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய நமது வெள்ளை அணுக்களே, வேலி பயிரை மேய்வதுபோல், சிலருக்கு இச்சுரப்பியை அழிக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். 1912-ல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ நான்கு பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். அந்நோயாளிகளின் இரத்தத்திலேயே சுரப்பிக்கு விரோதமான பொருள் இருப்பது 1956-ல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது.

சுரப்பி நலிந்தால் மயிர்க்கால்கள் வளர்ச்சியை விட்டு ஓய்வெடுக்கின்றன; சில மாதத்தில் தலை முழுதும் மயிர் மெலிந்து உதிர்கிறது. சிலருக்குப் புருவத்தின் வெளியோரமும் உதிரும். வட்டமாய்ச் சொட்டை விழுவது வேறு வியாதி. அதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவுமில்லை, வெட்டுமில்லை. அதுவும் இதே மாதிரியான உட்பகைதான். இரண்டும் ஒருவருக்கே வருவதுமுண்டு.

மயிர் கொட்டுவதெல்லாம் தைராய்டே என்று நாம் சொல்ல வரவில்லை. பிரசவம், கடுங்காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் கொட்டும். தைராய்டா, இரும்புச்சத்துக் குறைவா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையும் புதிதல்ல. 1891-ல் இங்கிலாந்தில் டாக்டர் முர்ரே, சுரப்பி கெட்ட ஒரு ஸ்திரீக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்தினார். அவள் பின்னும் 28 வருஷம் வாழ்ந்தாள். இன்று அதற்கு மாத்திரையே இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில் தினமும் வெறும் வயிற்றில் சாப்பிடவேண்டும். அளவு மீறினாலும் மயிர் கொட்டும். போன மயிர் திரும்பப் பல மாதமாகும். அதற்குள் பலனில்லை என்று நிறுத்துவது மடமை.

மேற்சொன்ன பெண்ணுக்கும் கடைசியில் இரத்தம்தான் உண்மையைச் சொல்லிற்று. இழந்த மூன்று வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஆகவே தோழர்களே, நாம் சொல்லுகிறோம் என்பதற்காகவும் நம்பவேண்டாம். சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தப் பெண்ணைப் பழிக்காதிருங்கள்.